சோதித்தவர்: ச. ராஜவேல்

ஓசூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கோதை எழுதுகிறேன். நானும் அவரும் சௌக்கியம். நீயும் அண்ணியும் கவிப்ரியாவும் எப்படி இருக்கிறீர்கள்? தீபாவளிப் புகை தில்லியில் இன்னும் அடங்கவில்லை என்று டிவியில் காட்டுகிறார்கள். கவியை முகக்கவசம் இல்லாமல் ட்யூஷனுக்கு அனுப்பாதே.

போனை விட்டுவிட்டு எதற்கு இத்தனை நீள மெயில் என்று முழிக்காதே. போன் பண்ணினால் “அச்சா, அச்சா, பார்க்கலாம்” என்று சொல்லி நழுவிவிடுகிறாய். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு ஓர் உதவி. நேரு பிளேஸில் எங்கள் கம்பெனி டீலர் கடை இருக்கிறது. அங்கே பெரிய திரை வைத்த போர்டு ஒன்று உன் பெயரில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், நான் அனுப்பும் மென்பொருளை ஏற்றி, ஸ்விட்ச் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

என்ன ஏது என்று கேட்பாய். நாங்கள் கிளினிக்குகளில் டோக்கன் நம்பர் காட்டும் திரை செய்கிறோம். ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஒரு சின்ன புரோகிராம் எழுந்து, மெமரியில் ஓர் இடத்தில் வரவேற்புப் படத்தை வரைந்து வைக்கிறது. திரை அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்துக் காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம்தான் மிஷினை நடத்துகிற லினக்ஸ் எழுந்திருக்கிறது. இப்படி ஒரு படம் அங்கே உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. மெமரி முழுக்கக் காலி என்று நினைத்து அந்த இடத்தையும் வேறு வேலைக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். படம் கந்தலாகிவிடும். சில சமயம் மிஷினே உறைந்து நின்றுவிடும். இந்த போர்டில் என்னென்ன எங்கெங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்ல ஒரு விவரக் கோப்பு உண்டு. அதில் நான் நாலு வரி சேர்த்திருக்கிறேன். இந்த முகவரியிலிருந்து இவ்வளவு நீளம் திரைக்கு ஒதுக்கியது, கை வைக்காதே, என்று.

சின்னத் திரையில் நானே பார்த்துவிட்டேன். பெரிய திரை எல்லாம் தில்லிக்குப் போய்விட்டது, இங்கே ஒன்றுகூட இல்லை. இந்தத் திருத்தத்தை உலகம் முழுக்கப் படிக்கிற மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு வழக்கம். வேறொருவர் ஓட்டிப் பார்த்து, தன் பெயரைப் போட்டு, ‘சோதித்தவர் இன்னார்’ என்று எழுத வேண்டும். மரியாதைக்குப் போடுவது இல்லை அது. நான் என் கண்ணால் பார்த்தேன் என்று ஊரறியச் சொல்வது.

மார்ச்சில் என் காண்ட்ராக்ட் முடிகிறது. திருத்தம் பொது லினக்ஸில் சேர்ந்துவிட்டால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அரசாங்கத்துக்கு வருகிற சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாஸ் போடுகிறவன் நீ. உன்னை விட்டால் நான் யாரைப் பிடிப்பேன்? ஜல்தி, அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு. கவிக்கு ஒரு கிள்ளு.

உன் தங்கை,
பூங்கோதை

*

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
17 நவம்பர் 2024

அன்புள்ள கோதைக்கு ஆசிகள்.

இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த மாதம் தில்லியில் அதுவே பெரிய விஷயம். மாப்பிள்ளைக்கு இரவு ஷிப்ட் முடிந்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

நேரு பிளேஸ் போய் உன் போர்டை வாங்கி வந்தேன். வரும் வழியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி உன் அண்ணி சொன்ன சாமான் எல்லாம் வாங்கினேன். கடை வாசலில் புதிதாக ஒரு படி கட்டியிருக்கிறான் போலிருக்கிறது. முட்டை அட்டையோடு நான் கீழே. முட்டை போச்சு. உன் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. “அரே பாயி சாப், தேக் கே!” என்று பார்த்து நடக்கச் சொல்லி நாலு பேர் தூக்கிவிட்டார்கள். வீட்டில் வந்து சொன்னால் உன் அண்ணி, “அந்தப் படி நாம டெல்லிக்கு வந்த நாள்லேருந்து இருக்கு. புதுசா கட்டுனானாம்!” என்கிறாள். அவளுக்கு என்னைப் பற்றி ஒரு குறை கிடைத்தால் போதும், சாப்பாடே வேண்டாம்.

சரி, சோதனைக்கு வருகிறேன். சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்விட்ச் போட்டேன். வரவேற்புப் படமாக உங்கள் கம்பெனி மயில் வந்தது. நீலத்துக்கு நடுவில் நின்றது. லினக்ஸ் எழுந்த பிறகும் மயில் அப்படியே. கந்தல் இல்லை, புள்ளி இல்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே மயில். இத்தனை வருஷம் போர்டு பார்த்த கண் இது, நம்பி அனுப்பு.

சோதித்தவர்: ச. ராஜவேல்.

நன்றாக இருக்கிறதே, பார்ப்பதற்கு!

அன்புடன் அண்ணன்

*

ஓசூர்
22 நவம்பர் 2024

என் தங்க அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்றே திருத்தத்தை லிஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டேன். என் பெயருக்குக் கீழே உன் பெயர். ரெண்டு பேருக்கும் முன்னால் அப்பாவின் ‘ச.’ நிற்கிறது. அதையே திறந்து திறந்து பார்த்தேன், சிரிக்காதே.

இனிமேல் காத்திருப்பதுதான் வேலை. லிஸ்ட்டின் பொறுப்பாளர் கறாரான மனுஷி. ஒரு வரியில் ஆளைச் சாய்த்துவிடுவார். மணிக்கு ஒரு தரம் மெயிலைத் திறந்து பார்க்கிறேன். பால் பொங்கி வழிந்தது, குக்கர் விசில் போனது, எதுவும் காதில் விழவில்லை.

அது போகட்டும். முட்டை உடைந்ததை எழுதினாய், முழங்காலை எழுதவில்லையே? அடிபட்டதா? டாக்டரிடம் காட்டினாயா? மறக்காமல் எழுது.

கோதை

*

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
8 டிசம்பர் 2024

அன்புள்ள கோதை,

நலம். நலமே விழைகிறேன். தாமதத்துக்குக் கோபிக்காதே, ஆபீசில் ஆடிட், வீட்டில் கவிக்கு ப்ரீ-போர்டு பரீட்சை.

உனக்கு ஒரு செய்தி. எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பசங்கள் நாலு பேர் உன் லிஸ்ட்டைப் படிக்கிறவர்களாம். போன வாரம் டீ குடிக்கும்போது ஒருத்தன், “சார், ஆப் கா நாம் தேகா!” என்று போனை நீட்டினான். என் பெயர்! டைரக்டர் வரைக்கும் சேதி போய்விட்டது. ரிட்டயராகப் போகிற ஆள் என்று என்னை ஓரம் கட்டினவர்கள் எல்லாம் இப்போது ராஜவேல் சார், ராஜவேல் சார் என்கிறார்கள். உன் புண்ணியம்.

கண்ணாடி மாற்றினேன். இந்த வருஷத்தில் மூன்றாவது. முதல் ரெண்டும் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். ஸ்கூட்டரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறேன். குளிர் தாங்கவில்லை. ஆட்டோவில் போகிறேன், ராஜா மாதிரி.

உன் அண்ணி உனக்கு வடகம் அனுப்பியிருக்கிறாள். கிடைத்ததும் எழுது.

அண்ணன்

*

ஓசூர்
12 டிசம்பர் 2024

அண்ணா,

எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் இல்லையா, எழுதிவிட்டேன். நான் நலமில்லை. எரிச்சலில் இருக்கிறேன்.

ஹைதராபாத்தில் ஆரிப் என்று ஓர் எஞ்சினீயர். அவரிடமும் அதே பெரிய திரை இருக்கிறது. என் திருத்தத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு லிஸ்ட்டில் எழுதியிருக்கிறார். மயில் நன்றாக வருகிறது, ஆனால் திரையின் கீழ்க் கால்பங்கு முழுக்கப் புள்ளி, கோடு, குப்பை என்று. படமும் வைத்திருக்கிறார். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்னுடையது. சின்னத் திரைக்கு வேண்டிய நீளத்தையே பெரிய திரைக்கும் எழுதியிருக்கிறேன். படத்தின் மேல்பகுதி ஒதுக்கிய இடத்தில் இருக்கிறது, கீழ்ப்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தை லினக்ஸ் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது.

தப்புப் பண்ணினது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பிடிக்கத்தானே உன்னிடம் கொடுத்தேன்? புள்ளி இல்லை என்று எழுதினாயே. பொறுப்பாளர் ஒரே வரி கேட்டிருக்கிறார்: “இதைச் சோதித்தவர் உண்மையில் சோதித்தாரா?”

நானும் அதைத்தான் கேட்கிறேன். போர்டைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்தாயா, அண்ணா? தங்கைக்கு அவசரம், பெயரைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாயா? எழுத்தில் பதில் சொல்.

பூங்கோதை

*

ஓசூர்
23 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போன் எடுக்கமாட்டேன் என்கிறாய். அண்ணியிடம் கேட்டால், “அவரு நல்லாத்தான் இருக்காரு, கொஞ்சம் சிடுசிடுன்னு இருக்காரு” என்கிறார். வடகம் வந்தது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

லிஸ்ட்டில் நிலைமை மோசம். சோதித்தவர் யார், எந்தக் கம்பெனி என்று பொறுப்பாளர் கேட்டார். பொய் சொல்ல வரவில்லை. என் அண்ணன் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அங்கே யாரும் ஒன்றும் எழுதவில்லை. திட்டினால்கூடத் தேவலை. அண்ணன் பெயரை வாங்கி ஒட்டிக்கொண்டவள் என்று நினைக்கிறார்கள். அங்கே புரோகிராம் தப்பாக எழுதினால் மன்னிப்பார்கள், நூறு தரம் திருத்தலாம். பார்க்காமல் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் மன்னிக்க மாட்டார்கள். இனி நான் எதை அனுப்பினாலும் யார் படிப்பார்கள்? மேனேஜர் கேபினைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறேன்.

சோதிக்கவில்லை என்றால் சோதிக்கவில்லை என்று சொல்லிவிடு. ரெண்டு நாள் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். இந்த மௌனம்தான் தாங்கவில்லை.

கோதை

*

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
26 டிசம்பர் 2024

கோதைக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய், கோபம் வந்தால் உனக்கு உடம்பு நன்றாகவே இருக்கும்.

என்னைப் பார்த்து இந்தக் கேள்வி கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது? பார்க்காத போர்டுக்கு நான் இதுவரை பாஸ் போட்டதில்லை. காண்ட்ராக்டர்கள் ஸ்வீட் பாக்ஸ் கொண்டுவந்து வைத்தபோதும் போட்டதில்லை. என் தங்கை, நான் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள், பெட்டியைத் திறந்தாயா என்று கேட்கிறாள்!

நேற்று விடுமுறை. மறுபடி மேஜையில் வைத்து ஓட்டினேன். மயில் வந்தது. முழுசாக வந்தது. உன் ஆரிப்பின் போர்டு கெட்டுப் போயிருக்கும், அல்லது அவன் வேறு எதையாவது ஏற்றியிருப்பான். போனில் போட்டோ எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். லிஸ்ட்டில் போடு. அந்தப் பொறுப்பாளர் அம்மாள் கண்ணைத் திறந்து பார்க்கட்டும்.

ராஜவேல்

*

ஓசூர்
26 டிசம்பர் 2024

அண்ணா,

போட்டோ பார்த்தேன். மூன்று தரம் பார்த்தேன். அவரைக் கூப்பிட்டும் காட்டினேன்.

நீ எடுத்த போட்டோவிலேயே அது இருக்கிறது. மயிலின் காலுக்குக் கீழே, திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் குப்பை. ஆரிப் அனுப்பியது மாதிரியே. மறைக்க நினைத்த ஆள் அந்தப் போட்டோவை அனுப்பியிருக்க மாட்டான்.

நீ பொய் சொல்லவில்லை. அது தெரிந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, உன் பழைய கடிதங்களை எடுத்து மறுபடி படித்தேன். மார்க்கெட் படி. மூன்று கண்ணாடி. குளிருக்காக நிறுத்தின ஸ்கூட்டர், ஜனவரிப் பனியிலும் ஓட்டின ஆள் நீ. உனக்குக் கீழே இருப்பது எதுவும் தெரியவில்லையா, அண்ணா? எத்தனை நாளாக? டாக்டர் என்ன சொன்னார்? டாக்டரிடம் போனாயா?

லிஸ்ட் நாசமாய்ப் போகட்டும். உன்னைத் திட்டின வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. இதற்கு மட்டும் பதில் போடு. நான் எதுவும் அண்ணியிடம் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

உன் கோதை

*

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
14 ஜனவரி 2025

அன்புள்ள கோதைக்கு,

பொங்கல் ஆசிகள். மாப்பிள்ளைக்கும் சொல். இங்கே குக்கரில் பொங்கினோம், பொங்கினது.

உன் கடிதத்துக்கு எத்தனையோ முறை பதில் ஆரம்பித்து அழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன். போன மே மாதம் கண்ணாடி போடப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா கண்ணுக்குள் அழுத்தம் அதிகம், க்ளாக்கோமாவாக இருக்கலாம், ஆஸ்பத்திரியில் பார்வைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். வலி இல்லை, பேப்பர் படிக்கிறேன், பஸ் நம்பர் தெரிகிறது. என்ன பெரிய வியாதி என்று சீட்டை மடித்து வைத்துவிட்டேன். பயம், கோதை. போனால் சொல்லிவிடுவார்களே என்ற பயம். என் வேலையே பார்ப்பதுதான். என்னைப் பாஸ் மேஜையிலிருந்து தூக்கி பைல் செக்‌ஷனில் போட்டுவிடுவார்கள். அங்கே பகல் முழுக்கத் தூங்கி வழிகிறவர்களை நானே எத்தனை தரம் கேலி செய்திருக்கிறேன்.

உன் போட்டோ சமாசாரத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கினேன், அமுக்கினேன். திடீரென்று ஒன்றும் இல்லை. காத்திருந்தேன். மிஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் மெதுவாக, “நஹீ அங்கிள், சல் ரஹா ஹை” என்றாள். ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். வெளிச்சம் வந்துகொண்டுதான் இருந்ததாம்.

ரெண்டு கண்ணிலும் கீழ்ப்பக்கம் போயிருக்கிறது. போனது வராது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். இல்லாத இடத்தை மூளை தானாகவே நிரப்பிக் காட்டிவிடுமாம், அதனால் ஆளுக்குத் தெரியாதாம். மயிலுக்குக் கீழே எனக்குச் சுத்தமான நீலம்தான் தெரிந்தது. சத்தியமாக.

உன் அண்ணி இளவரசியிடம் அன்று மாலையே சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். “தண்ணி டம்ளர நான்தான் எடம் மாத்தி வைக்கிறேன்னு ஆறு மாசமா என்னத் திட்டுனீங்களே” என்று மட்டும் சொன்னாள். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே தேய்த்தாள்.

இன்னொன்று. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இது கூடப்பிறந்தவர்களுக்கும் வருகிற வியாதியாம். டாக்டர் உன்னைக் கட்டாயம் பார்க்கச் சொன்னார். எட்டு மாதமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் கண்ணுக்கு மட்டும் இல்லை, உன் கண்ணுக்கும் சேர்த்து. அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை. உடனே போ.

லிஸ்ட்டுக்கு நான் எழுதினால் உன் பெயர் சுத்தமாகும். தெரியும். ஆனால் எங்கள் ஆபீஸ் பசங்களும் படிப்பார்கள். இன்னும் துணிச்சல் வரவில்லை.

அண்ணன்

*

ஓசூர்
16 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

எழுத வேண்டாம். ஒரு வரிகூட எழுத வேண்டாம். திருத்தத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சோதனை சரியாக நடக்கவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறேன். நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மார்ச்சில் இந்த வேலை போனால் ஓசூரில் கம்பெனிக்கா பஞ்சம்? அவரும், “வீட்டுல ரெண்டு மாசம் இரு, என்ன இப்ப?” என்கிறார். உன் மேஜை உனக்கு வேண்டும். சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, அது போதும் எனக்கு.

எனக்கு ஒன்றும் இல்லை, ஊசியில் நூல் கோக்கிறேன். வேலை முடிந்ததும் ஒருநாள் போய்ப் பார்க்கிறேன். திங்கட்கிழமை லிஸ்ட்டுக்கு எழுதிவிடுவேன். அண்ணியை நன்றாகப் பார்த்துக்கொள்.

கோதை

*

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
27 ஜனவரி 2025

அன்புள்ள கோதைக்கு ஆசிகள்.

இதற்குள் படித்திருப்பாய். உன் திங்கட்கிழமைக்கு முந்தின நாளே லிஸ்ட்டுக்கு எழுதிவிட்டேன். கவிதான் இங்கிலீஷ் திருத்தினாள். திருத்தும்போது அழுதாள், ஆனால் ஒரு வார்த்தையையும் எடுக்கவில்லை. இளவரசிக்குத் தமிழில் இப்படிச் சொன்னேன்:

‘நான் ராஜவேல். இந்தத் திரையை வெவ்வேறு நாளில் இருமுறை ஓட்டிப் பார்த்தேன். இருமுறையும் கீழ்ப்பகுதியில் பிழை இருந்தது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரு கண்ணிலும் கீழ்ப்பார்வை இல்லை. ஒரு டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். நான் பரிசோதனைக்குப் போகவில்லை. ஆகவே சோதித்தவர் என்று என் பெயர் இருக்கக்கூடாது, நீக்கிவிடுங்கள். திருத்தம் அனுப்பியவர் என் தங்கை. அவர் என்னிடம் பெயரைக் கேட்கவில்லை, சோதனைதான் கேட்டார்.’

நீ எழுத வேண்டாம் என்றாய். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எழுதினேன். நீ உன் பெயரை விட்டுக்கொடுக்கிறாய், நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? ரெண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தேன். கதவைத் திறந்து மூடினேன். அப்புறம் கவியைக் கூப்பிட்டேன்.

ஆபீசில் என்ன ஆயிற்று என்று கேட்பாய். டைரக்டர் கூப்பிட்டார், டீ கொடுத்தார். பாஸ் மேஜை இனி எனக்கு இல்லை. பிப்ரவரியிலிருந்து பைல் செக்‌ஷன். சரிதான், பார்க்காததற்கு நான் பாஸ் போடக்கூடாது. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று பொய் எழுதமாட்டேன். மேஜையைக் காலி செய்த அன்று அந்தப் பசங்களில் ஒருத்தன் படியிறங்கும்போது என் கூடவே வந்தான். கையைப் பிடிக்கவில்லை, கூட நடந்தான். அவ்வளவு போதும்.

என் மெயிலைப் பார்த்த பிறகு நீ நீளத்தைச் சரிசெய்து அனுப்பிய இரண்டாவது திருத்தத்தை நேற்று ஓட்டினோம். ஓட்டினது நான், பார்த்தது இளவரசி. கீழ் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டே போனாள். “கீழ நீலம்தான் இருக்கு. ஒரு புள்ளி இல்ல” என்றாள். அவள் பெயரையும் போடு என்றதற்கு, “எனக்கு இது என்ன எழவுன்னே தெரியாது, எம் பேரு எதுக்கு?” என்கிறாள். பார்த்தவள் அவள், அவள் பெயர்தான் வர வேண்டும். நானும் என் கண்ணை வரி வரியாகக் கீழே நகர்த்திப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் எனக்கும் தெரிகிறது.

கண் டாக்டரிடம் போனாயா? ஊசியில் நூல் கோத்தால் போதாது. நானும் பேப்பர் படித்தேன்.

அண்ணன்

*

ஓசூர்
9 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ அனுப்பிய மூன்று மெயிலுக்கும் பதில் போடவில்லை. போன் எடுத்தாலும் சீக்கிரம் வைத்துவிட்டேன். அண்ணி உன்னிடம், “ரெண்டு பேரும் ஒரே அச்சு” என்று சொல்லியிருப்பார். கவி பரீட்சை எப்படி எழுதுகிறாள்? உன் சொட்டு மருந்து அண்ணி கையில் இருப்பதாகக் கேள்வி, சந்தோஷம்.

முதலில் நல்ல சேதி. திருத்தம் சேர்ந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே ‘சோதித்தவர்: இளவரசி ராஜவேல்’ என்று உலகம் உள்ளவரை இருக்கும். ஆரிப் உன் கடிதத்துக்கு ரெண்டு வரி நன்றி எழுதியிருந்தார். பொறுப்பாளர் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் சேர்த்துக்கொண்ட குறிப்பில், முந்தைய பிழையைக் கண்டறிய உதவியவர்கள் என்று ஆரிப் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரையும் அவரே போட்டிருக்கிறார். மேனேஜர் நிரந்தர ஆர்டர் கொடுத்துவிட்டார்.

ஆர்டர் வந்த பிறகு போகலாம் என்று கண் ஆஸ்பத்திரியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். உனக்கு ஏன் பதில் போடவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். போன வாரம் அவர் லீவு போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த வெள்ளைக் கிண்ணத்துக்குள் நானும் முகத்தை வைத்தேன்.

எனக்கும் இருக்கிறது, அண்ணா. அழுத்தம் ரெண்டு கண்ணிலும். இடது கண் நரம்பில் ஓர் ஓரத்தில் ஆரம்பம், வலது நரம்பு சுத்தம். பார்வை எதுவும் போகவில்லை. இப்போதே மருந்து விட்டால் போகாமலே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர்.

கண்ணை எடுத்த எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்தார். “இந்த ஸ்டேஜ்ல யாருமே வரமாட்டாங்கம்மா. பாதி பார்வை போனப்புறம்தான் வருவாங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, எப்படி வந்தீங்க?” என்றார்.

“எங்க அண்ணன் சொன்னாரு” என்றேன். டாக்டர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

அண்ணிக்கும் கவிக்கும் என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
பூங்கோதை